பன்னிரண்டாம் நிமிஷத்தில் சாகும் லெப்டொப்

ஒக்டோபர் 14, திங்கள்

மழை. தகரத்தின் மேல் யாரோ லொறி கணக்கில் கல் கொட்டுகிற சத்தம். பனி வேறு. கையை நீட்டினால் கையைக் காணோம். மடக்கிப் பார்த்தால் ஒரு விரல் குறைவு.

பயபக்தியோடு பதிகிறேன்: இந்தக் கொப்பியில் இனி வரப்போகும் கதையை மனுசப் பிறவி எவனும் நம்பமாட்டான். தெமோதரை மலையே எழும்பி வந்து சாட்சி சொன்னாலும் நம்பமாட்டான். நானே அடுத்த மாசம் வாசித்தால், எவன்டா இந்தப் புளுகன் என்றுதான் கேட்பேன்.

விசயம் இதுதான். லெப்டொப் செத்துவிட்டது. செத்து, பிழைத்து, திரும்பச் செத்தது. இன்று மட்டும் ஐந்து சாவு. முன்னறிவிப்பு கிடையாது. எழுத்து ஓடிக்கொண்டிருக்கும், டப். கறுப்பு. அந்தக் கறுப்பில் என் மூஞ்சி தெரிகிறது. அதுதான் இன்னும் அருவருப்பு.

வருங்கால வரலாற்று ஆசிரியர்களுக்காக: இது தொழிற்சாலையில் தேயிலை சலிக்கிற காம்பராவில் ஒன்பது வருசம் நிறைக் கணக்குப் பதிந்த லெப்டொப். நான் அதே காம்பராவில் முப்பத்தொரு வருசம். நாங்கள் இருவரும் ஒரே நாளில் பென்சன். எனக்கு மாலை போட்டார்கள். அதை என் கையில் கொடுத்தார்கள். இரண்டில் எது கழிவு என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது அது என் தங்கச்சி தனத்தின் வீட்டில், அதாவது லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் எங்கள் இரண்டு அறைக் காம்பராவில், நடுநாயகமாக இருக்கிறது. பாவிப்பது தனத்தின் மகள் நிரோஷினி. என் மருமகள். இனி நி. வயசு இருபத்தெட்டு. தமிழ், சிங்களம், இங்கிலீசு மூன்றிலும் சண்டை போடுவாள். இதுவரை ஆறு நேர்முகம் போனாள். ஆறிலும் "அறிவிப்போம்". அறிவித்தார்களா? தூ.

ஏழாவது வருகிற வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கும் டொக்டருக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கிற வேலை. கொழும்பில் இருந்துகொண்டு வீடியோவில் கேட்கிறார்கள். மு.ப. 10. ஐம்பது நிமிஷம். நடுவே டைப் அடித்தும் காட்ட வேண்டும், அதனால் போன் கூடாது. தனி அறை. வேறு ஆள் கூடாது. கடைசி வரி தடித்த எழுத்தில்: இடையில் தொடர்பு அறுந்தால் மறு சந்தர்ப்பம் இல்லை.

ஐம்பது நிமிஷம். இந்தச் சனியன் ஐம்பது நிமிஷம் உயிரோடு இருந்து இரண்டு மாசம் ஆகிறது.

முழங்கால் குத்தல். எண்ணெய் முடிந்தது.

ஒக்டோபர் 15, செவ்வாய்

மழை விட்டது. சேறு விடவில்லை.

நேற்றிலிருந்து இன்றுவரை பரிசோதனைகள்:

சார்ஜர். அடுத்த வீட்டு ஆறுமுகத்தின் சார்ஜரைப் போட்டோம். செத்தது.
பெட்டரி. கழற்றிவிட்டு நேரடிக் கரண்டில். செத்தது, முன்பைவிடச் சந்தோசமாக.
வைரஸ். நி. தேடச் சொன்னாள். நூற்றுக்கு நாற்பது தேடிக் களைத்துச் செத்தது.
தட்டுதல். நான். பக்கவாட்டில், அன்பாக. நி. என் கையைப் பிடித்து அப்பால் வைத்தாள்.

ஆறுமுகம் வாசலில் நின்று: "அண்ணே, இதுக்குள்ள நம்ம பெக்டரிய நடத்துன பழைய பெரிய டீமேக்கரு பூந்துட்டாரு. அவரும் இப்படித்தான், பேசிக்கிட்டே இருந்தவரு பொசுக்குனு போயிட்டாரு."

இதை நான் உடனே லயம் முழுவதும் பரப்பினேன். மத்தியானத்துக்குள் மேல் லயத்தில் இருந்து இரண்டு பேர் கும்பிட வந்தார்கள். ஒருத்தி தேசிக்காய் கொண்டுவந்தாள். தேசிக்காய் நல்லது, ஊறுகாய்க்கு வைத்துக்கொண்டேன்.

நி. மட்டும் பேயை நம்பவில்லை. படித்ததால் வந்த கேடு. செத்த நேரத்தை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள்:

காலை, மேசையில்: 31 நிமி.
மத்தியானம், மேசையில்: 24 நிமி.
பின்னேரம், மாமா கையில்: 12 நிமி.
நேற்றுப் பின்னேரம், மாமா கையில்: 12 நிமி.

"மாமா, உங்க கையில மட்டும் ஏன் பன்னெண்டு?"

"ராகு காலம் புள்ள."

"செவ்வாய்க்கிழமை பின்னேரம் அஞ்சு மணிக்கு எந்த ஊர்ல ராகு காலம்?"

"ஊவா மாகாணத்துக்குத் தனி ராகு."

முறைத்தாள். அடியில் கை வைத்துப் பார்த்தாள். "கொதிக்குதுங்க. சூட்டுலதான் நிக்குது. உள்ள காத்து போகலை." அடியில் நானும் தொட்டேன். இடியப்பம் அவிக்கலாம். ரொட்டி சுடலாம். மொனராகலை வெயில் மொத்தத்தையும் மடித்து உள்ளே வைத்த மாதிரி.

சூடு என்றதும் ஒரு சின்ன நெருடல். இது கொப்பிக்கு மட்டும்.

பின்னேரம் ஐந்து மணி ஆனால் முழங்காலில் ஊசி ஏறும். அந்த நேரம் லெப்டொப் என் பொறுப்பு, பழைய பாட்டுக் கேட்க. மடியில் வைத்து, அதையும் முழங்காலையும் சேர்த்துக் கம்பளியால் சுற்றிக்கொள்வேன். பாட்டு உள்ளே இருந்து கம்மிக் கேட்கும். பத்து நிமிஷத்தில் சொர்க்கம். அதுவும் கிழம், நானும் கிழம், இரண்டு பேருக்கும் குளிராமல் இருக்கட்டும் என்றுதான். மலையில் எதைக் காப்பாற்றினாலும் கம்பளிக்குள் வைத்துத்தான் காப்பாற்றுகிறோம். கோழிக்குஞ்சு, கைப்பிள்ளை, ஊறப்போட்ட மா. லெப்டொப்புக்கு மட்டும் வேறு சட்டம் என்று எவன் சொன்னான்?

ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை.

ஒக்டோபர் 16, புதன்

இளவெயில். பதுளை. பஸ்ஸில் நி.யும் நானும், நடுவே துவாய் சுற்றிய லெப்டொப். பஸ் ஒவ்வொரு வளைவிலும் கடவுளைக் கூப்பிட்டது. எல்லவுக்குப் போகிற வெள்ளைக்காரன் ஒருவன் முதுகுப் பையால் என் மூக்கை இரண்டு தடவை இடித்து, இரண்டு தடவையும் சிரித்தான். சிரிப்பும் பையும் அருவருப்பு.

திருத்துகிற கடை, மாடிப்படி ஏறி. எனக்காகவே கட்டிய படி, நாற்பதாயிரம் படி. திருத்துகிறவர் சிவரூபன், யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் பெண் எடுத்தவர். வாயில் டோர்ச்சைக் கவ்விக்கொண்டே பேசுகிறார்.

பின்பக்கத்தைக் கழற்றினார். பார்த்தார். டோர்ச்சை வாயிலிருந்து எடுத்தார்.

"ஐயா, இதை எங்க வச்சுப் பாவிச்சனீங்கள்? தேத்தண்ணிக் கடையிலயோ?"

உள்ளே விசிறியைக் காணோம். விசிறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பஞ்சு மெத்தை. தேயிலைத் தூசும் நாரும், ஒன்பது வருசச் சேகரிப்பு. சின்ன இடுக்கியால் பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருந்தது. இரண்டு கிலோ, குறையாது. நான் ஒரு சிட்டிகை எடுத்து மணந்து பார்த்து, நல்ல மாசி மாதத்துக் கொழுந்து, மேல் மலை, இரண்டாம் தரத் தூள் என்று தீர்ப்புச் சொன்னேன். சிவரூபன் நி.யைப் பார்த்தார். நி. மேலே கூரையைப் பார்த்தாள்.

பிறகு பக்கவாட்டுக் காற்று ஓட்டைகள். மஞ்சளாக, காய்ந்து, கல்லாக.

"இது என்ன பிள்ளை?"

"சந்தனங்க. ஆயுத பூசைக்கு அம்மா பொட்டு வச்சாங்க."

"ஓட்டைக்குள்ளயோ?"

"ஓட்டை வரிசையா, அழகா இருந்திச்சாம். ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு."

பதினெட்டு ஓட்டை, பதினெட்டுப் பொட்டு, நடுவில் குங்குமம். என் தங்கச்சி எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள்.

மூன்றாவதாக விசிறியின் அச்சில் சுற்றிக்கிடந்த ஒன்றை இழுத்தார். நீளமாக வந்தது. "நூல் மாதிரிக் கிடக்கு. கம்பளி மயிரோ? ஆரோ போர்வைக்குள்ள வச்சுப் பாவிச்சிருக்கினம். சூடு வெளிய போகாமல் உள்ளேயே புழுங்கியிருக்கு. விசிறியும் இதால தான் இறுகிப்போச்சுது."

எனக்குத் திடீரென்று எதிர்ச் சுவரில் தொங்கிய கலண்டரில் அளவற்ற ஆர்வம் வந்தது. எல்லாப் பௌர்ணமிப் போயா லீவையும் எண்ணினேன்.

விசயத்துக்கு வருகிறேன். துப்புரவாக்கினார். புது விசிறி வேண்டும். இந்த மொடலுக்குக் கொழும்பிலிருந்து வரவழைக்க ஒரு கிழமை. வெள்ளிக்கிழமைக்குள்?

"நடவாது பிள்ளை. இப்ப விசிறி அரை உயிரோட சுத்தும். எவ்வளவு நேரம் தாங்கும் எண்டு நான் சொல்லேலாது. அடியில காத்து வாற மாதிரி உயத்தி வச்சுப் பாவியுங்கோ."

நி. பஸ்ஸில் ஜன்னலோரம். முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆறு நேர்முகத்துக்கும் அவள் இப்படி இருந்ததில்லை.

வீட்டில் தனம், கொழுந்துக் கூடையை இறக்காமலே: "என்னாண்ணே சொன்னாங்க?"

என் வாயை எனக்குத் தெரியும். அது என்னை முந்திக்கொண்டு ஓடும்.

"சந்தனம்" என்றேன். "நீ வச்ச சந்தனம்தான். காத்தை அடைச்சிருச்சாம்."

தூசைச் சொல்லியிருக்கலாம். தொழிற்சாலை மேல் பழி போட்டிருக்கலாம். அங்கே யாருக்கும் வலித்திருக்காது. சொல்லவில்லை. நி. பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். 

தனம் கூடையை இறக்கினாள். லெப்டொப்பைத் துவாயோடு வாங்கி, ஓட்டையில் மிச்சம் ஒட்டியிருந்த மஞ்சளை நகத்தால் சுரண்டினாள். சுரண்டிக்கொண்டே, "நல்லா வரணும்னுதானே வச்சேன்" என்றாள். ஒருவரிடமும் இல்லை. அந்தச் சனியனிடம்.

ச்சீ.  எழுதியாயிற்று.

ஒக்டோபர் 17, வியாழன்

போயா. கடையெல்லாம் பூட்டு. மழை திறந்து.

துப்புரவாக்கிய பின், காலைப் பரிசோதனை: 36 நிமி. பதினான்கு நிமிஷம் குறைவு.

காற்று வேண்டும். இந்தத் தோட்டத்தில் எல்லாம் இருக்கிறது. மேசை விசிறி கிடையாது. இந்தக் குளிரில் காற்றாடி வைத்திருப்பவனைப் பைத்தியம் என்று கட்டிவைப்போம். விசாரித்து விசாரித்து, ஸ்டேசன் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒன்று இருப்பதாகத் தகவல். தலையில் பொலிதீனும் தோளில் குடையுமாக நானே போனேன். முழங்கால் வழியெல்லாம் என்னைத் திட்டியது, மூன்று தலைமுறைக்கும் சேர்த்து. அவர் ஈ ஓட்டுவதற்காக வைத்திருக்கிறார். வாங்கி வந்து போட்டோம்.

லெப்டொப் குளிர்ந்தது. உண்மை. ஆனால் ஆறுமுகத்தின் போனுக்கு வீடியோவில் பேசிப் பார்த்தால்:

"அண்ணே, புள்ள ஹெலிகொப்டர்ல இருந்தா பேசுது?"

அந்த விசிறியின் சத்தம் அப்படி. அதோடு லயத்தில் யாரோ தண்ணி கொதிக்கக் கரண்டுக் கேத்தல் போட்டார்கள், லைட் மஞ்சளாகி, விசிறி பெருமூச்சு விட்டு நின்றது. தூக்கி ஒதுக்கு.

நி. மேசையில் தலை வைத்துப் படுத்துவிட்டாள். அழவில்லை. "விடுங்க மாமா. முப்பத்தாறு நிமிசத்துக்கு என்ன வருமோ அது வரட்டும்."

அப்போது மூலையில் சுளகு.

முப்பத்தொரு வருசம் நான் என்ன செய்தேன்? மெஷின் வருவதற்கு முன்னால் சுளகால் புடைத்துத் தூசு பிரித்தவன் நான். என் சுளகுக் காற்றில் நாருக்குத் தனி வழி, தூளுக்குத் தனி வழி. சத்தமே வராது. என் காற்று பட்டு ஒருமுறை மேற்பார்வைக்கு வந்த துரையின் தொப்பி பண்டாரவளையில் போய் விழுந்தது. (அப்போது தோட்டத்தில் துரையே இல்லை என்பது வேறு கதை.)

திட்டம்: மேசை நடுப் பலகையை உருவி எடுத்தோம். நாலு விரல் இடைவெளி. அதன் மேல் லெப்டொப், இரண்டு பக்கமும் கவிழ்த்த கோப்பை. மேசையைச் சுற்றித் தரை வரை தனத்தின் சேலை. கீழே நான், சுளகோடு. மேல்நோக்கி விசிறல்.

பரிசோதனை: ஒரு மணி நேரம் ஏழு நிமி. சாகவில்லை! நாங்கள்தான் நிறுத்தினோம், நான் செத்துக்கொண்டிருந்தபடியால்.

"வேறு ஆள் கூடாதுன்னு போட்டிருக்கே புள்ள. ஆறுமுகத்தை வேணா ஜன்னலுக்கு வெளிய..."

"இல்லை. நீங்கதான் இருக்கணும் மாமா. மேசைக்குக் கீழ."

"எனக்கு முழங்கால்..."

"தெரியும்" என்றாள். அந்தத் "தெரியும்" எனக்குப் பிடிக்கவில்லை.

தனம் இன்றும் என்னோடு பேசவில்லை. சேலையை மட்டும் எடுத்து வைத்தாள், நல்லது ஒன்று. கிழிந்தது போதும் என்றேன். கேட்காத மாதிரிப் போனாள்.

ஒக்டோபர் 18, வெள்ளி

பனி. மழை இல்லை, கும்பிடு.

தனம் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது லெப்டொப்பைத் தொடக்கூட இல்லை. தூரத்தில் நின்று கும்பிட்டாள். கைக்குள் எதையோ வைத்து மூடியிருந்தாள். சந்தனக் கட்டை என்று நினைக்கிறேன்.

9.50. நான் கீழே போனேன். உலகத்தின் மிக அசிங்கமான இடம் மேசைக்குக் கீழ். இரண்டு எட்டுக்கால் பூச்சி, ஒரு காணாமல்போன கரண்டி, போன தைப்பொங்கல் காலத்துக் கடலை.

10.00. தொடங்கியது. தமிழில் ஓர் அம்மா, சிங்களத்தில் ஓர் ஐயா.

10.02. அம்மா: "அறையை ஒருக்கா சுத்திக் காட்டுங்க." மேலே லெப்டொப்பைத் தூக்கும் சத்தம். நான்கு சுவர், கூரை, கதவு. சேலைக்கு இந்தப் பக்கம் நான் முழங்காலைக் கட்டிப்பிடித்து, மூச்சையும் பிடித்து, ஒரு மூட்டை அரிசியாக மாறிப்போனேன். கமெரா சேலையைத் தாண்டிப் போயிற்று. மனசாட்சி கேட்டது: இது குற்றமில்லையா? பதில்: நான் ஆள் இல்லை. நான் விசிறி.

10.15. விசிறிக்கொண்டிருக்கிறேன். டைப் பரீட்சை. மேலே விரல்கள் ஓடுகின்றன, மழைத்துளி மாதிரி. கையில் ஈயம்.

10.27. முழங்கால் செத்தது. இறுதிக்கிரியை பின்னர்.

10.31. தும்மல் வந்தது. மூக்கைக் கிள்ளி, அதை உள்ளேயே புதைத்தேன். காது வழியாக வெளியேறியது. தெமோதரை ஸ்டேசனில் கேட்டிருக்கும், ரயில் ஒன்று பயந்து பின்னால் போயிருக்கும்.

10.36. முந்திய எல்லை. தாண்டியாயிற்று.

10.38. அந்த அம்மா கேட்டார்: "ஏன் உங்களுக்கு ஆஸ்பத்திரி வேலை? இதைவிட லேசான மொழிபெயர்ப்பு வேலை இருக்கே."

நி. சொன்னது, காதில் விழுந்தபடி:

"எனக்குப் பன்னெண்டு வயசுங்க. எங்க மாமா தண்ணி ஓடுற கானுல விழுந்து முழங்காலை உடைச்சுக்கிட்டாரு. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டொக்டர் சிங்களத்துல கேட்டாங்க, எப்படி விழுந்தீங்கன்னு. மாமா என்கிட்ட, 'சிறுத்தையோட சண்டை போட்டேன்னு சொல்லு'ன்னாரு. நான் சொல்லலை. 'மாமா, டொக்டர் நீங்க சொல்றதுக்குத்தான் மருந்து குடுப்பாங்க. சிறுத்தைக்கு மருந்து வேணுமா, கானுல விழுந்ததுக்கு மருந்து வேணுமா?'ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, 'கானுக்கே குடுக்கச் சொல்லு'ன்னாரு. அன்னிக்கு நினைச்சேங்க, இந்த வேலை எனக்குத் தெரியும்னு."

மேலே இரண்டு பேரும் சிரித்தார்கள். சிங்களத்து ஐயாவுக்கு அவளே மொழிபெயர்த்துச் சொன்னாள், அவர் பிந்திச் சிரித்தார்.

கீழே ஒருத்தன் விசிற மறந்துபோனான். பத்து விநாடி இருக்கும். மேலிருந்து ஒரு கால் வந்து என் தோளில் உதைத்தது. விசிறினேன். மலையைப் பெயர்க்கிற மாதிரி விசிறினேன்.

10.53. "நன்றி. அறிவிப்போம்." முடிந்தது.

10.57. லெப்டொப் தானாகச் செத்தது. மரியாதை தெரிந்த சனியன்.

என்னை வெளியே இழுத்தெடுத்தது நி.யும் ஆறுமுகமும். நிமிர முடியவில்லை. மேசை வடிவிலேயே முற்றத்தில் நின்றேன். ஆறுமுகம், "அண்ணே, மேல கோப்பை வைக்கலாமா?" என்றான். அவனுக்கு இருக்கிறது.

ஆறுமுகம் போன பிறகு நி. உள்ளே போய் ஒரு தாள் பொட்டலம் கொண்டுவந்தாள். சிவரூபன் கடையில் எடுத்து வைத்திருக்கிறாள். அவிழ்த்தாள். நூல்.

"என்னா கலர் மாமா?"

பச்சை.

"அம்மா கம்பளி கறுப்பு. என்னுது சிவப்பு. இந்த லயத்துலயே பச்சைக் கம்பளி யாருது?"

கலண்டர் எதுவும் பக்கத்தில் இல்லை.

"புதன்கிழமையே தெரியும். அதான் உங்களைக் கீழ உக்கார வச்சேன். அதுக்கும் இதுக்கும் சரி. ஆனா அம்மாவுக்கு நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க."

"என்னான்னு சொல்றது?"

"சிறுத்தையா, கானான்னு நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள்.

ஒக்டோபர் 21, திங்கள்

மழை. மழையே.

தனத்திடம் சொல்ல முயற்சி. மூன்று தடவை.

1. காலை. வாய் திறந்தேன். "தனம், அந்த லெப்டொப் விசயம்..." திரும்பிப் பார்த்தாள். "...அந்தக் கம்பனிக்காரனே மோசம்" என்றேன்.
2. மத்தியானம். தொழிற்சாலைத் தூசு பற்றிக் கால் மணி நேரம் சொற்பொழிவு. இடையில் பழைய பெரிய டீமேக்கரின் ஆவியும் வந்தது. ஆவி நன்றாகப் பேசியது.
3. பின்னேரம். கம்பளியை மடித்துக்கொண்டிருந்தாள், என்னுடையதை. "இது ஏன் ஒரு பக்கம் மட்டும் மயிர் போயிருக்கு?" என்றாள். "எலி" என்றேன்.

எலி! ஐம்பத்தொன்பது வயசு. எலி. இந்த நாக்கை வெட்டித் தேயிலைக்கு உரமாகப் போட்டால் பத்து ஏக்கர் கருகும்.

சாமிப் படத்துக்கு இன்றும் அவள் சந்தனம் வைக்கவில்லை. வெறும் பூ.

நி.க்கு ஒன்றும் வரவில்லை. போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நடக்கிறாள்.

ஒக்டோபர் 24, வியாழன்

வெயில் போல ஏதோ ஒன்று.

விசிறி கொழும்பிலிருந்து வந்ததாம். சிவரூபன் போன் எடுத்தார். "ஐயா, இனிப் போர்வைக்குள்ள வையாதேங்கோ" என்றார். போனை ஸ்பீக்கரில் போடவில்லை, குலதெய்வத்துக்கு நன்றி.

பின்னேரம் முழங்காலுக்குச் சுடுதண்ணிப் போத்தல். லெப்டொப் மாதிரி வராது. பாட்டும் பாடாது.

ஒக்டோபர் 29, செவ்வாய்

மழை விட்டு விட்டு. தீபாவளிக்கு இரண்டு நாள். முறுக்கு மா, எள்ளு, வீடெல்லாம் எண்ணெய் வாசம்.

பகல் 1.20. நி. முற்றத்தில் நின்று கத்தினாள். நாய்கள் ஓடின. ஒரு கோழி அந்த இடத்திலேயே முட்டை இட்டது. போனில்: மூலச் சான்றிதழ்களோடு பதினோராம் திகதி நேரில் வரவும். தெரிவாகியிருக்கிறீர்கள்.

லயம் கூடிவிட்டது. நான் என் கடமையைத் தொடங்கினேன். ஐம்பது நிமிஷம் அல்ல, ஐந்து மணி நேரம் விசிறினேன். அந்தக் காற்றில் மொனராகலையில் ஒரு கரும்புத் தோட்டமே படுத்துவிட்டது. ஒரு கையில் சுளகு, மறு கையில் எட்டுக்கால் பூச்சியின் கழுத்து. ஆறுமுகம், "பூச்சிக்குக் கழுத்து ஏதுண்ணே?" என்றான். "நான் பிடிச்ச பிறகு இல்லை" என்றேன். நல்ல கைதட்டல்.

மலையில் வேலை முடிந்து தனம் வந்தாள். யாரோ வழியிலேயே சொல்லிவிட்டார்கள். கூடையோடு ஓடிவந்து நி.யைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, பதின்மூன்று நாளில் முதல் தடவையாக அண்ணே என்று கூப்பிட்டு:

"என் சந்தனம் கெடுக்கலைல்ல, அண்ணே?"

கேள்வி. கண் நிறையத் தண்ணி. சந்தோசத் தண்ணிக்கு நடுவில் இது ஒரு துளி, தனியாக.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல சபை. என் நாக்கில் பெரிய டீமேக்கரின் ஆவி தயாராக நின்றது. நி. என்னைப் பார்க்கவில்லை, முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள், கை மட்டும் நின்றிருந்தது.

"கெடுக்கலை" என்றேன். "நான்தான். பின்னேரத்துல முழங்காலுக்குச் சூடு வேணும்னு கம்பளிக்குள்ள சுத்தி வச்சிருந்தேன். ரெண்டு மாசமா. காத்துப் போக வழியில்லாம நான்தான் அதைப் புழுங்க வச்சேன். உன் மேல பழியைப் போட்டேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. என் கதை ஒன்றுக்கு இந்த லயம் சிரிக்காதது இதுதான் முதல் தடவை. பிறகு ஆறுமுகம், "இதை மட்டும் நம்ப முடியலையேண்ணே" என்றான்.

தனம் உள்ளே போனாள். என் கம்பளியை எடுத்து வந்து தண்ணித் தொட்டியில் அமுக்கினாள், கொஞ்சம் அதிகமான பலத்தோடு. பிறகு சந்தனக் கட்டையை எடுத்து உரசத் தொடங்கினாள். சாமிப் படத்துக்கு ஒன்று. நி. நெற்றிக்கு ஒன்று. லெப்டொப்பின் மூடியில் ஒன்று, ஓட்டைகளுக்கு ரொம்பத் தூரத்தில். கடைசியாக என் முழங்காலில் ஒன்று, வலிக்கிற இடத்தில் வேண்டுமென்றே அழுத்தி.

மேலே எழுதிய துரை தொப்பி, இரண்டு கிலோ தூசு, கழுத்துள்ள பூச்சி, பின்னால் போன ரயில், எதையும் எவனும் நம்ப வேண்டாம். ஒன்று மட்டும் நடந்தது, சின்ன விசயம்தான்: நூல் பச்சை. கம்பளி என்னுடையது.

இன்னும் காயவில்லை. குளிர்கிறது.